தமிழில் செய்தி எழுதுகிறவர்களுக்குத் தனி பிரஸ் கிளப் வேண்டுமா?

பகுதிநேரப்_பேனா | சனி, இரவு 9.40

நேற்று சிங்கப்பூர் பிரஸ் கிளப் கூட்டம் ஒன்றுக்குத் தோழி கூப்பிட்டாள் என்று போயிருந்தேன். நான் முழுநேரச் செய்தியாளர் இல்லை. பகலில் பாலர் பள்ளியில் வேலை. மாதத்துக்கு இரண்டு கட்டுரை, ஒரு பேட்டி என்று தமிழில் எழுதிக்கொடுப்பவள். வாசலில் பெயர் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். பெயருக்குக் கீழே நிறுவனம் என்று ஒரு கோடு. அதில் என்ன எழுதுவது? பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. கடைசியில் ‘தமிழ்’ என்று எழுதி ஒட்டிக்கொண்டு உள்ளே போனேன். கறிபஃப் தட்டோடு வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, “அது புது நிறுவனமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அறையில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். தமிழ் முகம் என்று பார்த்தால் என்னோடு சேர்த்து மூன்று. பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் ஒரே யோசனை. தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு மன்றம் ஏன் இல்லை? முழுநேரம், பகுதிநேரம், வானொலி, தொலைக்காட்சி, மொழிபெயர்ப்பு, ஓய்வுபெற்றவர்கள், மாணவர் நிருபர்கள் என்று எல்லாரும் வரக்கூடிய மன்றம். இருந்தால் நன்றாக இருக்குமா? இல்லை, கூட்டம் போடுவதோடு நின்றுவிடுகிற இன்னொரு சங்கமாகிவிடுமா? இங்கே அனுபவசாலிகள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மெய்ப்பு | சனி, இரவு 10.25

வணக்கம்மா. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஆட்கள் மூன்று வேறு அமைப்புகளைப் போட்டு ஒன்றாகக் கலக்குவார்கள். சம்பளம், வேலைநேரம், ஆட்குறைப்பு என்றால் அது தொழிற்சங்கத்தின் பாடு. வெளிநாட்டு ஏடுகளுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் இங்கிருந்து எழுதுகிறவர்களுக்கு வேறொரு சங்கம். நீங்கள் போன பிரஸ் கிளப் 1971ல் தொடங்கியது. பேசுவதற்கும் கேட்பதற்கும் பழகுவதற்கும் ஏற்பட்டது அது.

1971 என்றதும் எனக்கு அந்த மே மாதம்தான் ஞாபகம் வரும். நான் அப்போது பள்ளிப் பையன், ஆனால் வீட்டில் அப்பா தினமும் பத்திரிகை வாங்குகிறவர். ஒரே மாதத்துக்குள் ஈஸ்டர்ன் சன் மூடியது, சிங்கப்பூர் ஹெரால்டின் உரிமம் போனது, நன்யாங் சியாங் பாவ் சீன நாளிதழின் பெரிய தலைகள் உள்துறைப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். மூன்று வருடம் கழித்து, 1974ல், பத்திரிகை, அச்சகச் சட்டம் வந்தது. நாளிதழ் நடத்த ஒவ்வோர் ஆண்டும் அனுமதி வாங்கவேண்டும், நிர்வாகப் பங்கு என்று தனிவகைப் பங்கு, எல்லாம் அதில்தான். அந்தக் காலத்தில் பிறந்த மன்றம் என்பதை வைத்துக்கொண்டு அதன் நடவடிக்கைகளைப் பாருங்கள். அமைச்சர் வந்து பேசுவார், தூதர் வந்து பேசுவார், கேள்வி பதில் நடக்கும், விருந்து இருக்கும். கொடி பிடிக்கிற வேலை அதற்கு என்றைக்குமே கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போகவேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ‘தமிழ் நிறுவனம்’ கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

கோப்பி_ஓ_கொசோங் | சனி, இரவு 10.31

பிரஸ் கிளப் என்றால் மலிவு விலையில் பீர் கிடைக்கும் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்களே, இங்கே உண்டா?

சேப்பாக்கம்_டு_செங்காங் | சனி, இரவு 11.02

கொசோங் அண்ணே, நீங்கள் கேட்கும் கிளப் வேறு, இவர்கள் பேசும் கிளப் வேறு.

நான் சென்னையில் ஆறு வருடம் நிருபராக இருந்துவிட்டு இங்கே வேறு வேலைக்கு வந்தவன். அங்கே சேப்பாக்கம் வட்டாரத்தில் பத்திரிகையாளர் மன்றமும் இருக்கிறது, நிருபர்கள் சங்கமும் இருக்கிறது. காலையில் போனால் வேலை அங்கேயே கிடைக்கும். கட்சிக்காரர் ஒரு பிரஸ் மீட் வைத்திருப்பார். அடுத்த அரைமணியில் நிலத்தைப் பறிகொடுத்த விவசாயி மனுவும் கையுமாக நிற்பார். அதற்கடுத்து சம்பளபாக்கி கேட்கும் துணை நடிகர். கட்டணம் கட்டினால் யாரும் வந்து சொல்லவேண்டியதைச் சொல்லலாம். அந்த இடத்தின் மதிப்பே அதுதான். பாதி செய்தி மேடையில் கிடைக்கும், மீதி வெளியே டீக்கடையில் கிடைக்கும்.

இங்கே பிரஸ் மீட் அமைச்சிலோ ஹோட்டலிலோ நடக்கிறது. யார் வரலாம் என்று முன்னாலேயே பட்டியல் போய்விடுகிறது. அதனால் பிரஸ் கிளப்புக்கு அந்த வேலை இல்லை. வேலை இல்லாத இடத்துக்கு ஆள் வரவழைக்கப் பேச்சாளர் தேவைப்படுகிறார்.

ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. சென்னை மன்றத்தில் 25 வருடம் தேர்தலே நடக்காமல் கிடந்து, 2024 டிசம்பரில்தான் ஒருவழியாக நடந்தது. தனி மன்றம் கேட்கிறவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தொடங்குவது சுலபம். நாற்காலியில் உட்கார்ந்தவரை எழுப்புவதுதான் கஷ்டம்.

மக்கள்தொடர்பு_பாவி | ஞாயிறு, காலை 8.15

நான் ஒன்பது வருடம் செய்தியாளர், இப்போது பிஆர் வேலை. நீங்கள் திட்டப்போகும் ஆள் நான்தான் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

இந்த மாதிரி மன்றங்களில் செய்தியாளர்களைவிட எங்களைப் போன்றவர்கள் அதிகமாகிவிட்டோம் என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. காரணம் ரகசியமில்லை. மாலை ஆறரைக்குக் கூட்டம் என்றால் எனக்கு அது வேலையின் ஒரு பகுதி. செய்தியாளருக்கு அப்போதுதான் வேலையே சூடு பிடிக்கும். யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் வருகிறார்.

தமிழ் மன்றம் ஒன்று வந்தால் அதிலும் இதே கேள்வி எழும். யார் உறுப்பினர்? நான் தமிழில் அறிக்கை எழுதுகிறேன், எனக்கு இடம் உண்டா? கோயில் விழாவுக்குப் படம் எடுத்து முகநூலில் போட்டு நாற்பதாயிரம் பேர் பார்க்கும் தம்பிக்கு இடம் உண்டா? இதை முடிவு செய்வதற்குள் முதல் செயற்குழுவே உடைந்துவிடும்.

ராத்திரி_ஷிப்ட் | ஞாயிறு, காலை 8.50

பாவி சொன்ன ஆறரை மணி விஷயம்தான் என் பதிலும். வேலை பார்க்கும் இடத்தின் பெயர் வேண்டாம். சின்ன அறை, கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஆங்கிலப் பக்கம் ஒருவர் எழுந்து கூட்டத்துக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துக்கொள்வார். என் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலி. ஏழு மணிக்கு அமைச்சர் உரை ஆங்கிலத்தில் வரும். எட்டுக்குள் தமிழில் வேண்டும். உரையில் மேற்கோள் இருக்கும், புதுத்திட்டத்தின் பெயர் இருக்கும், அந்தப் பெயருக்குத் தமிழ் இருக்காது.

பொதுவாக வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. எங்கள் வேலையில் பாதி செய்தி சேகரிப்பு, மறுபாதி சொல் சேகரிப்பு. வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மசேநிதி என்கிற மத்திய சேமநிதி, குழுத்தொகுதி, பெருவிரைவு ரயில், உணவங்காடி நிலையம், வாகன உரிமைச் சான்றிதழ் இதெல்லாம் இன்று சாதாரணமாகப் படிக்கிறோம். ஒவ்வொன்றையும் யாரோ ஒரு ராத்திரியில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். 2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடுகளை ‘சர்க்கிட் பிரேக்கர்’ என்று அறிவித்தார்களே, மின்சாரப் பெட்டியில் இருக்கும் சாதனத்தின் பெயர். அதை அப்படியே தமிழாக்கினால் தாத்தா பாட்டி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். முறியடிப்பு என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். அன்றைக்கு வானொலியில், தொலைக்காட்சியில், பத்திரிகையில் இருப்பவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அரைமணி வேலை. இப்போது சொல் தேடவும் பரிந்துரைக்கவும் 2022ல் தொடங்கிய அரசாங்க மொழிபெயர்ப்புத் தளம் ஒன்று இருக்கிறது, உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் தளம் திருப்பிச் சண்டை போடாது. சொல் உருவாக சண்டை வேண்டும்.

அதனால் மன்றம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் பேச்சாளரைக் கூப்பிட்டு மாலை போடும் மன்றம் வேண்டாம்.

நூலகப்பூனை | ஞாயிறு, காலை 11.20

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடியில் மைக்ரோஃபிலிம் சுருளைச் சுற்றிக்கொண்டு பாதி வாழ்க்கையைக் கழித்தவள் என்ற தகுதியில் ஒன்று சொல்கிறேன். இந்த ஊரில் தமிழ்ப் பத்திரிகைதான் மன்றமாக இருந்தது. தனியாக மன்றம் தேவைப்படவில்லை.

1887ல் மகுதூம் சாயபு சிங்கை நேசன் நடத்தினார், மூன்று வருடம் வந்தது. அதன் பக்கங்களைப் புரட்டினால் வாசகர் கடிதங்களில்தான் உயிர் இருக்கிறது. சண்டை, பதில், பதிலுக்குப் பதில், நடுவில் ஒரு வெண்பா. இப்போது நாம் இங்கே செய்துகொண்டிருப்பதைத்தான் அவர்கள் வாரத்துக்கு ஒருமுறை அச்சில் செய்தார்கள். அப்புறம் கோ. சாரங்கபாணி. 1924ல் இங்கே வந்தவர். முன்னேற்றம் இதழில் எழுதினார், தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னே நின்றார், 1935ல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கினார். ஐம்பதுகளில் அதில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய பகுதி. எழுதிய பிள்ளைகள் ஊர் ஊராக மணிமன்றங்கள் தொடங்கினார்கள். மலாயா முழுக்கப் பரவியது. பின்னாளில் எழுத்தாளரானவர்கள், ஆசிரியரானவர்கள், செய்தியாளரானவர்கள் பலர் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள். ஒரு பிரஸ் கிளப் செய்யவேண்டிய வேலையை ஒரு பக்கம் செய்தது.

காலாங்_கரை | ஞாயிறு, நண்பகல் 12.05

பூனை, ஒரு திருத்தம். 1935ல் முரசு வார இதழாகத்தான் தொடங்கியது, விலை ஒரு காசு. நாளிதழானது பிறகு.

நூலகப்பூனை | ஞாயிறு, நண்பகல் 12.09

ஆமாம், அவசரத்தில் எழுதிவிட்டேன். வார இதழ்தான். மெய்ப்பு ஐயா பார்ப்பதற்குள் நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

ஓய்வுபெற்ற_மெய்ப்பு | ஞாயிறு, நண்பகல் 12.30

பார்த்துவிட்டேன். பேசாமல் இருந்தேன்.

காலாங்_கரை | ஞாயிறு, மதியம் 1.15

பூனை சொன்னதில் விட்டுப்போனது ஒன்று. பத்திரிகையே மன்றமாக இருப்பதில் ஆபத்தும் உண்டு. 1963ல் முரசில் வேலைநிறுத்தம் வந்து பத்திரிகையே நின்றது. மறுவருடம் தமிழ் மலர் வந்தது. இரண்டு பத்திரிகை, இரண்டு முகாம். அந்தத் தலைமுறையில் ஒரு முகாமில் எழுதினவர் மறுமுகாம் ஆளோடு காப்பி குடித்தால் அதுவே செய்தி. என் பெரியப்பா அச்சுக்கோத்தவர். கடைசிவரை இன்னொரு பத்திரிகையை வீட்டுக்குள் விடமாட்டார், மீன் சுற்றிவந்தாலும் சரி. நடுவில் உட்கார ஒரு பொது இடம் அன்றைக்கு இருந்திருக்கலாம்.

இப்போது அந்தச் சண்டை இல்லை. 1995ல் முரசு பெரிய பத்திரிகைக் குழுமத்துக்குள் போனது. நாளிதழ் ஒன்றுதான். எதிரி முகாம் இல்லாத இடத்தில் நடுநிலை மேசை எதற்கு என்று கேட்கிறேன். ஏற்கெனவே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தனி மன்றம் வைத்தால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பார்க்கும் அதே முப்பது முகத்தை மாதாமாதம் பார்ப்போம். பேனா தங்கச்சி போன கூட்டத்தில் மூன்று தமிழர் இருந்தது குறை என்றால், அங்கே ஆறு பேராக, பத்துப் பேராகப் போவதுதான் வழி. நாம் தனியே வந்துவிட்டால் அங்கே பூஜ்யம். கறிபஃப்காரர் கடைசிவரை தமிழை ஒரு நிறுவனம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

மக்கள்தொடர்பு_பாவி | ஞாயிறு, மதியம் 1.40

காலாங் அண்ணன் பேச்சில் நியாயம் இருக்கிறது. பத்திரிகையிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டில் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1939ல் உத்துசான் மெலாயு என்ற மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் முன்னே நின்ற யூசோஃப் இஷாக் பிறகு முதல் அதிபர். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் எழுத்தராகச் சேர்ந்து செய்தியாளரான வீ கிம் வீயும் அதிபரானார். எஸ். ஆர். நாதன் எண்பதுகளில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர், 1999ல் அதிபர். யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்னம் மலாயா ட்ரிப்யூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்று எழுதிவிட்டுத்தான் அமைச்சரானார். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாம் ஒரே தொழில். அந்த அறையில் தமிழ்ச் செய்தியாளர் உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தம் உண்டு.

ராத்திரி_ஷிப்ட் | ஞாயிறு, மதியம் 2.10

அதிபர் ஆவதற்கு முன்னால் எட்டு மணிக்குள் உரையை முடிக்கவேண்டும் அண்ணே.

அந்த அறையில் என் சொல் பிரச்சினையை யாரிடம் பேசுவது? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மெய்ப்பு | ஞாயிறு, மாலை 5.45

ஷிப்ட் தம்பி கேட்டதற்கு என்னிடம் ஒரு கதைதான் இருக்கிறது.

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த இடம் என்பது வேண்டாம். அப்போது எழுத்தெல்லாம் படத்தாளில் நீள நீளமாக வரும். அதை வெட்டி, பின்பக்கம் மெழுகு தடவி, பெரிய அட்டையில் ஒட்டுவோம். மேசைக்குள் விளக்கு எரியும். ராத்திரி ஒரு மணிக்கு முதல் பக்கத்தைக் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். பார்த்தேன், போட்டேன். பையை மாட்டிக்கொண்டேன். எனக்கு மூத்தவர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், வெற்றிலை போட்டுக்கொண்டே தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, நாளைக்கு நாட்டில் என்ன சாப்பாடு?” என்றார். எனக்குப் புரியவில்லை. விரலை வைத்துக் காட்டினார். கொட்டை எழுத்தில், மூன்று பத்தி அகலத்துக்கு: பொரியல் வளர்ச்சி 8 விழுக்காடு.

பொருளியல். நடுவில் ருளி போய் ரி வந்திருக்கிறது. நான் மூன்று முறை படித்திருக்கிறேன். மனம் சரியாகப் படித்துக்கொண்டே போயிருக்கிறது, கண் பார்க்கவில்லை.

தட்டச்சு செய்கிறவர் வீட்டுக்குப் போய்விட்டார். பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். முந்தின வாரத்துத் துண்டுகளில் அதே அளவு எழுத்தில் ‘பொருளியல்’ என்று ஒன்றைத் தேடி எடுத்தார். சவர பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியால் அந்தச் சொல்லை வெட்டி, பிளேடின் நுனியிலேயே தூக்கிக்கொண்டுவந்து பொரியலுக்கு மேலே வைத்து அழுத்தினார். கோடு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: தலைப்பைக் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துக்குப் படி. அர்த்தம் வராது, பிழை வரும்.

நாற்பது வருடம் அப்படித்தான் படித்தேன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித்தரவில்லை. அவர் எந்த மன்றத்திலும் உறுப்பினர் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகாமல் என் தோளுக்குப் பின்னால் நின்றார். இப்போது பக்கம் திரையில் உருவாகிறது, பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை. தோளுக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை. பேனா அம்மா கேட்கும் மன்றம் அதுவாக இருந்தால் நான் வருகிறேன். பெரிய கிளப்புக்கும் போங்கள், காலாங் சொன்னது சரிதான். அங்கே ஊரைத் தெரிந்துகொள்ளலாம். பொரியலுக்கு வேறு மேசை வேண்டும்.

பகுதிநேரப்_பேனா | ஞாயிறு, இரவு 8.30

ஐயா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். கடைசியிலிருந்து முதலுக்கும் ஒருமுறை.

சரி, என் கேள்வியையே மாற்றிக்கொள்கிறேன். பெரிய கிளப் கூட்டங்களுக்கு இனிமேல் முடிந்தபோதெல்லாம் போவேன், யாரையாவது கூட அழைத்துக்கொண்டும் போவேன். நிறுவனம் என்ற கோட்டில் மறுபடியும் ‘தமிழ்’ என்றே எழுதுவேன். இன்னொரு பக்கம், மாதம் ஒரு சனிக்கிழமை, ராத்திரி ஷிப்ட் வருவதற்கு வசதியாகப் பிற்பகல் மூன்று மணிக்கு, தேக்கா உணவங்காடியில் ஒரு மேசை. பேச்சாளர் கிடையாது, மாலை கிடையாது. அந்த மாதம் மாட்டிக்கொண்ட சொல், விட்டுப்போன பிழை, எழுத முடியாமல் போன செய்தி. அவ்வளவுதான். பெயர், தலைவர், சந்தா எதுவும் வேண்டாம்.

படிவம்_நிரப்பி | ஞாயிறு, இரவு 8.52

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சட்டப் புள்ளியைச் சொல்லிவைக்கிறேன். சங்கங்கள் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் அது சங்கம், பதிவு செய்யவேண்டும். சும்மா கூடிக் காப்பி குடிப்பதற்கு யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் ஒரு நடைப்பயிற்சிக் குழு ஒன்பது பேரோடு எட்டு வருடம் நிம்மதியாக நடந்தது. பத்தாவது ஆள் சேர்ந்தார், “முறைப்படி செய்வோமே” என்றார். செயலாளர் யார் என்ற தகராறில் இப்போது யாரும் நடப்பதில்லை.

சேப்பாக்கம்_டு_செங்காங் | ஞாயிறு, இரவு 8.58

அப்படியென்றால் ஒன்பதோடு நிறுத்துங்கள். நான் ஒன்று. தேர்தல் வந்தால் முதலில் ஓடுவதும் நான்தான்.

ராத்திரி_ஷிப்ட் | ஞாயிறு, இரவு 9.03

நான். ஆனால் ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும்.

நூலகப்பூனை | ஞாயிறு, இரவு 9.04

நானும். சிங்கை நேசன் வாசகர் கடிதத்தில் இரண்டு பக்கம் நகலெடுத்து வருகிறேன், சண்டை எப்படிப் போடுவது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மக்கள்தொடர்பு_பாவி | ஞாயிறு, இரவு 9.10

எனக்கு இடம் உண்டா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற_மெய்ப்பு | ஞாயிறு, இரவு 9.15

வாருங்கள். காப்பிக் காசு உங்களுடையது.

காலாங்_கரை | ஞாயிறு, இரவு 9.21

பேனா, செங்காங், ஷிப்ட், பூனை, பாவி, ஐயா, நான். ஏழு. படிவம் வந்தால் எட்டு.

படிவம்_நிரப்பி | ஞாயிறு, இரவு 9.22

வருகிறேன். எதையும் நிரப்பமாட்டேன்.

கோப்பி_ஓ_கொசோங் | ஞாயிறு, இரவு 9.40

நான் ஒன்பது. எனக்குப் பிறகு வருகிறவர் பக்கத்து மேசையில் உட்காரட்டும், அங்கிருந்தே காது கேட்கும்.